ரைபிள் பெட்டிங்: உலோகமும் கட்டையும் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது?

ரைபிள் நல்ல ரைபிள். ஸ்கோப்பும் நல்லதுதான். தோட்டாக்கள் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. மணல் பைமேல் துப்பாக்கியை அசையாமல் வைத்து, அவசரப்படாமல் 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுடுகிறார் ஒருவர். மூன்று ஓரிடத்தில் கூடி விழுகின்றன. மீதி இரண்டும் நான்கு சென்டிமீட்டர் தள்ளி விழுகின்றன, ஆனால் அவையும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. திரும்பச் சுட்டாலும் இதே கதை. கை நடுங்கியிருந்தால் குண்டுகள் கண்டபடி சிதறியிருக்கும். இப்படி இரண்டு கும்பலாகப் பிரிந்தால், துப்பாக்கிக்குள் ஏதோ ஒரு பாகம் இரண்டு நிலைகளுக்கு நடுவே மாறி மாறி உட்காருகிறது என்று பொருள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால், அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது பெட்டிங்கை.

போல்ட் வகை ரைபிள் ஒன்றைப் பிரித்தால் கையில் இரண்டு பெரிய துண்டுகள் வரும். ஒன்று உலோகம்: குழலும், அதன் பின்னால் திருகிப் பொருத்தியிருக்கும் ஆக்‌ஷனும். தோட்டா உள்ளே போவதும், போல்ட் முன்னும் பின்னும் ஓடிப் பூட்டிக்கொள்வதும் ஆக்‌ஷனுக்குள்தான். இன்னொன்று கட்டை. தோளில் அணைப்பதும் கன்னம் வைப்பதும் கையால் பிடிப்பதும் அதைத்தான். வால்நட் மரமாக இருக்கலாம், கண்ணாடி இழையாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். கட்டையில் குடைந்த பள்ளத்தில் ஆக்‌ஷன் உட்காரும். அடியிலிருந்து வரும் இரண்டு ஸ்க்ரூக்கள் அதை இழுத்துப் பிடிக்கும். வின்செஸ்டர் மாடல் 70 போன்ற சிலவற்றில் மூன்று ஸ்க்ரூ உண்டு. உலோகம் அந்தப் பள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, எங்கெங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் பெட்டிங். அந்த உட்காரும் இடத்தைத் திருத்திச் செய்யும் வேலைக்கும் அதே பெயர்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்தோடு வருகிறார்கள். கட்டைக்குள் ஆக்‌ஷனை எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது, அதற்காகத்தான் பெட்டிங் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன்பே ஆக்‌ஷன் தன் இடத்தில் முழுதாக உட்கார்ந்துவிட வேண்டும். ஸ்க்ரூ அதை அப்படியே பிடித்து வைத்தால் போதும். ஸ்க்ரூவை முடுக்கினால்தான் அது இடத்துக்கு வருகிறது என்றால், அந்த ஸ்க்ரூ பிடிக்கும் வேலையோடு வளைக்கும் வேலையையும் செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நாற்காலி ஒன்று போதும். மேடுபள்ளமான தரையில் முக்காலி ஆடாது, நாற்காலி ஆடும். ஆடும் நாற்காலியின் நான்கு கால்களையும் தரையோடு சேர்த்து முடுக்கினால் ஆட்டம் நிற்கும். ஆனால் சட்டம் முறுக்கிக்கொண்டுவிடும். ஆக்‌ஷனுக்கு நேர்வதும் இதுதான். முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு பள்ளம், நடுவில் எங்கோ ஒரு சிம்பு. முடுக்கும்போது எஃகு வளைந்து கொடுக்கும். எஃகு வளையுமா என்று கேட்கலாம். நன்றாகவே வளையும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் வாய் வெறும் 0.17 மில்லிமீட்டர் விலகினால், அது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டராக வந்து நிற்கும். 300 மீட்டரில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். போட்டி இலக்கில் நடு வளையத்துக்கும் அதற்கு வெளியே விழுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில்தான் முடிவாகிறது.

சுடும் அந்தக் கணத்துக்குள் போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். வெடிக்கும்போது குழலுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம் என்பது அமெரிக்கத் தொழிற்தரம் வைத்திருக்கும் மேல்வரம்பு. நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். குண்டு குழலை விட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரம் ஆகும். அந்த நேரத்தில் துப்பாக்கி சும்மா இருப்பதில்லை. சுமார் 11 கிராம் குண்டு 60 சென்டிமீட்டர் முன்னால் ஓடினால், நான்கு கிலோ துப்பாக்கி அதே நேரத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வந்திருக்கும். அதாவது குண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே பின்னுதை தொடங்கிவிடுகிறது. குழல் அதிர்கிறது, ஆக்‌ஷன் பின்னால் தள்ளுகிறது, கட்டை அதைத் தாங்கித் தோளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் இந்த அதிர்வும் தள்ளலும் ஒரே மாதிரி நடந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். முதல் குண்டுக்கு ஆக்‌ஷன் இடது ஓரத்தில் அழுந்தியும் அடுத்ததற்கு வலது ஓரத்தில் அழுந்தியும் கிடந்தால், இரண்டும் இரண்டு வேறு துப்பாக்கிகள் சுட்ட மாதிரிதான்.

இங்கே நல்ல கேள்வி ஒன்று எழும். ஸ்கோப் ஆக்‌ஷன்மேல்தானே இருக்கிறது? கட்டைக்குள் ஆக்‌ஷன் கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்கோப்பும் குழலும் சேர்ந்தே நகருமே, அப்புறம் குறி எப்படித் தவறும்? நகர்வது மட்டும்தான் சிக்கல் என்றால் இந்த வாதம் சரி. ஆனால் ஆக்‌ஷன் நகரும்போது அதன்மேல் இருக்கும் அழுத்தமும் மாறுகிறது. வளைந்த ஆக்‌ஷன் தன்மேல் பூட்டிய ஸ்கோப்பின் பிடிகளையும் சேர்த்து வளைக்கிறது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அந்த வளைவு கொஞ்சம் கூடவோ குறையவோ செய்யலாம். அதோடு, கட்டையை உதைக்கும் இடம் மாறினால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் பயணத்தின் திசையும் மாறும். சேர்ந்து நகர்வதால் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் பெட்டிங்கை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பின்னுதையின் முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ள ஆக்‌ஷனின் அடியில், முன்பக்கம், ஒரு தடித்த எஃகுத் துருத்தல் இருக்கும். ரீகாயில் லக் என்பார்கள். பழைய ஜெர்மன் மௌசர் 98-இல் அது ஆக்‌ஷனோடு ஒரே துண்டாகக் கடைந்தது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இல் குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே தடித்த வாஷர் போலச் செருகியிருப்பார்கள். டிக்கா டி3 இதைத் தலைகீழாக்கியது: லக் கட்டையில் இருக்கும், அது நுழையும் வெட்டு ஆக்‌ஷனில் இருக்கும். எப்படி இருந்தாலும், லக்கின் பின்முகம் கட்டையோடு அகலமாக, சீராக, இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்க வேண்டும். பெட்டிங்கில் மற்ற எதையாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. லக் சரியாக அமராவிட்டால் சுமை ஸ்க்ரூக்களின்மேல் விழும். ஸ்க்ரூ பக்கவாட்டில் அடி வாங்குவதற்காகச் செய்த பாகம் இல்லை. துளையின் சுவரை அது தொடவே கூடாது.

ஆக்‌ஷனின் அடிப்புறம் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். மௌசரும் மாடல் 70-உம் தட்டையான அடி கொண்டவை. தட்டையாகச் சமன்செய்த இடத்தில் வைத்தால் உருளாது. ரெமிங்டன் 700 உருளை வடிவம். கடைவது சுலபம், விலையும் குறையும். ஆனால் குண்டு சுழன்றுகொண்டே போகும்போது எதிர்த் திசையில் ஒரு முறுக்கு வரும். உருளை ஆக்‌ஷன் அதற்கு இணங்கி மெல்ல உருளப் பார்க்கும். அதனால் அதற்குப் பொருத்தமான படுகை இன்னும் அவசியம்.

மரம் செய்யும் வேலை

இந்தத் தொல்லை எல்லாம் எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் மரத்திலிருந்து. மழைக்காலத்தில் கதவு இறுகுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். துப்பாக்கிக் கட்டையும் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெளிப்புறத்துக்கு மெருகு போட்டு உள்பள்ளத்தை அப்படியே விட்டுவிட்ட கட்டைகள் இந்த விஷயத்தில் மிக மோசம்.

இதை அதிகம் அனுபவித்தது பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்ட். அதில் தனி லக் கிடையாது. பின்னுதையை முன்கட்டைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மரப் பரப்புகள்தான் தாங்கும். மரம் சுருங்கி அங்கே ஒரு மெல்லிய இடைவெளி விழுந்தால் போதும், ஒவ்வொரு சூட்டிலும் ஆக்‌ஷன் சுத்தியல் மாதிரி அந்தப் பரப்பை அடிக்கும். நாளாவட்டத்தில் மரம் நசுங்கும், பிறகு பிளக்கும். மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை, பிளவைத் தடுக்க முன்கட்டையின் குறுக்கே ஒரு ஸ்க்ரூவையே பூட்டி அனுப்பியது. இஷாப்பூர் கட்டையை அடையாளம் காண இன்றும் சேகரிப்பவர்கள் அந்த ஸ்க்ரூவைத் தேடுவார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை வேறு வழி பிடித்தது. உள்நாட்டு மரம் மென்மையானது என்பதால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தாங்கு பரப்புகளில் செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். இரண்டு இடத்திலும் சிக்கல் ஒன்றேதான். ஒரு நாடு மரம் பிளக்காமல் கட்டிப்போட்டது, இன்னொன்று அடி விழும் இடத்தை உலோகமாக்கியது. இரண்டாவதுதான் சிக்கலின் வேருக்கு நெருக்கமான வழி என்பது என் எண்ணம்.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் கதை இன்னும் தெளிவானது. 1966-இல் ரெமிங்டன் 700-ஐ எம்40 என்ற பெயரில் குறிசுடும் வீரர்களுக்குக் கொடுத்தார்கள். கட்டை மரம். வியட்நாமின் ஈரத்தில் அது உப்பி வளைந்தது, குழலைத் தொட்டது, நேற்று சரிபார்த்து வைத்த குறி இன்று மாறியது. 1970-களில் எம்40ஏ1 வந்தபோது குழலையும் கட்டையையும் மாற்றினார்கள். புதிய கட்டை மெக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கட்டை. அது ஈரம் குடிக்காது. ஆனாலும் அதிலும் ஆக்‌ஷனை எபாக்ஸி என்ற இறுகும் பிசினில் பெட்டிங் செய்துதான் வைத்தார்கள். உப்பாத கட்டை கிடைத்துவிட்டதால் பெட்டிங் தேவையில்லை என்று ஆகிவிடவில்லை. கட்டையின் பள்ளம் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளுக்குப் பொதுவாக வார்த்தது. ஆக்‌ஷன் ஒவ்வொன்றும் நுட்பமாக வேறுபடும்.

எப்படிச் செய்கிறார்கள்?

எபாக்ஸி வருவதற்கு முன்னால் விளக்குக்கரிதான் கருவி. எண்ணெயில் குழைத்த கரியை ஆக்‌ஷனின் அடியில் மெல்லப் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ஒரு சுரண்டியால் மெல்லச் சுரண்டிவிட்டு மறுபடி பூசி, மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். கறுப்பு எல்லா இடத்திலும் சீராகப் படியும்வரை இதே வேலை. நாள்கணக்கில் ஆகும். கொஞ்சம் அதிகமாகச் சுரண்டிவிட்டால் திரும்ப வைக்க முடியாது. இன்றும் இங்கிலாந்தின் உயர்ந்த கைவேலைத் துப்பாக்கிகளில் இந்த முறை உண்டு, பார்க்கவே அழகான வேலை. ஆனால் அவ்வளவு உழைத்தும் மரம் மரம்தான், அடுத்த மழைக்காலத்தில் அது தன் வேலையைக் காட்டும்.

எபாக்ஸி இந்த வேலையைத் தலைகீழாக்கியது. மேட்டைச் சுரண்டுவதற்குப் பதில், உலோகத்துக்கும் கட்டைக்கும் நடுவே பிசினை நிரப்பி, ஆக்‌ஷனே தன் அச்சைப் பதிக்கும்படி விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் தெரிந்த அரால்டைட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும், இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகுவது. துப்பாக்கி வேலைக்கென்று வருபவற்றில் கண்ணாடி இழைத் தூளோ எஃகுத் தூளோ கலந்திருக்கும். அமெரிக்காவில் பிரவுனெல்ஸ் விற்கும் அக்ராகிளாஸ், டெவ்கான் எஃகுக் கலவை, படகு பழுதுபார்க்க வந்த மரீன்-டெக்ஸ் எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. தூள் கலப்பதால் இறுகும்போது சுருங்குவது குறையும், அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும்.

செய்முறையின் பெரும்பகுதி பிசின் கலப்பதற்கு முன்பே முடிந்துவிடும். லக் இருக்கும் இடத்திலும் ஆக்‌ஷனின் வால்பகுதி அமரும் இடத்திலும் பழைய மரத்தை ஓரிரண்டு மில்லிமீட்டர் குடைந்து எடுக்க வேண்டும், பிசினுக்கு இடமும் தடிமனும் வேண்டுமல்லவா. டிரிகருக்கான வெட்டு, ஸ்க்ரூ துளை, போல்ட்டின் ஓட்டை என்று ஆக்‌ஷனில் எங்கெல்லாம் குழி இருக்கிறதோ அங்கெல்லாம் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அடைக்க வேண்டும். பிசின் அதற்குள் புகுந்து இறுகினால் ஆணி அடித்த மாதிரி மாட்டிக்கொள்ளும். அதன்பின் மெழுகையோ அதற்கென்று வரும் திரவத்தையோ உலோகம் முழுக்கப் பூச வேண்டும். தொடும் இடம் மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது. பிசின் எங்கே வழியும் என்று யாருக்கும் தெரியாது, ஸ்க்ரூவின் மரைகூடத் தப்பாது. மெழுகு பூச மறந்த ஒரு விரல்நுனி இடம் போதும், துப்பாக்கியும் கட்டையும் நிரந்தரமாக ஒன்றாகிவிடும். அப்படி லேசாக மாட்டிக்கொண்டால் மொத்தத்தையும் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பார்கள். எஃகு சுருங்கிப் பிடி விடும். பல சமயம் அது காப்பாற்றும்.

லக்கைத் தயார் செய்யும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். லக்கின் முன்முகம், இரு பக்கங்கள், அடிப்பக்கம் ஆகிய நான்கிலும் மெல்லிய நாடாவை ஒட்டுவார்கள். பின்முகத்தை மட்டும் வெறுமனே விடுவார்கள். இறுகியபின் நாடாவை உரித்தால் அந்த நான்கு பக்கமும் கால் மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், பின்முகம் மட்டும் முழுதாக ஒட்டி நிற்கும். பின்னுதை பின்பக்கம்தானே தள்ளுகிறது, தாங்க வேண்டியதும் அங்கே மட்டும்தான். அடிப்பக்கம் முட்டினால் ஆக்‌ஷன் தன் படுகையில் முழுதாக இறங்காது. பக்கங்கள் இறுக்கமாக இருந்தால் ஆக்‌ஷனை வெளியே எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும் பிசினின் விளிம்பு ஒவ்வொரு தடவையும் உதிரும். ஒரு துண்டு நாடாவில் இவ்வளவு யோசனை இருக்கிறது. பக்கங்களையும் இறுக்கமாகவே விடலாம், முறுக்கை அது தாங்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அடிக்கடி பிரித்துப் பூட்டாத போட்டித் துப்பாக்கிக்கு அது ஒத்துவரலாம். மற்றவற்றுக்கு நாடாதான் நல்லது.

பிசினை வைத்தபின் ஆக்‌ஷனை மெதுவாக இறக்க வேண்டும். இங்கேதான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிசின் ஈரமாக இருக்கும்போதே ஸ்க்ரூவை வழக்கம்போல முடுக்கிவிடுகிறார்கள். அப்போது ஆக்‌ஷன் பழைய மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து நிற்கும், பிசின் அந்த வளைந்த வடிவத்தையே அச்செடுக்கும். செலவழித்த காசும் உழைப்பும் வளைவை நிரந்தரமாக்கத்தான் பயன்படும். குழலின் முன்பகுதியில் சில சுற்று நாடா சுற்றிக் குழலைப் பள்ளத்தின் நடுவில் நிறுத்தி, தலையில்லாத வழிகாட்டித் தண்டுகளில் ஆக்‌ஷனை இறக்கி, தன் எடையோடும் லேசான ஒரு ரப்பர்க் கட்டோடும் விட்டுவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. பிதுங்கி வழிந்ததை இறுகுவதற்குள் துடைத்துவிடலாம். ஆக்‌ஷன் எந்த அழுத்தமும் இல்லாமல் இயல்பாகக் கிடந்த நிலையில் அச்சு விழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொரு ஏற்பாடு தூண் பெட்டிங். ஸ்க்ரூவை முடுக்கும்போது ஆக்‌ஷனுக்கும் கீழே உள்ள உலோகச் சட்டத்துக்கும் நடுவில் மரம் நசுங்கும். இன்று முடுக்கியது அடுத்த மாதம் தளர்ந்திருப்பது அதனால்தான். ஸ்க்ரூ போகும் துளையைப் பெரிதாக்கி, அலுமினியத்தாலோ எஃகாலோ ஆன ஒரு குழாய்த் துண்டை அதில் பதித்துவிட்டால், அழுத்தம் உலோகத்திலிருந்து உலோகத்துக்கே போகும். மரம் நடுவில் வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். தூணும் எபாக்ஸியும் சேர்ந்ததே இன்று மரக்கட்டைக்கும் கண்ணாடி இழைக் கட்டைக்கும் வழக்கமான முறை.

குழல் தொட வேண்டுமா, வேண்டாமா?

ஆக்‌ஷன் சரியாக அமர்ந்தபின் குழல் முன்கட்டையை எங்குமே தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுவதே இன்றைய பொதுவழக்கம். சூடேறும்போது குழல் நீளும், அசையும், அதிரும். எதிலும் இடிக்காமல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும். அமெரிக்காவில் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, ஆக்‌ஷன்வரை தடையில்லாமல் இழுத்துப் பார்ப்பார்கள். நம்மிடம் உள்ள எந்த நோட்டும் அதற்கு உதவும். ஆனால் ஒரு நோட்டின் இடைவெளி மட்டும் இருந்தால் போதாது என்பேன். கட்டையைக் கையால் அழுத்திப் பிடிக்கும்போதும் தோல்வாரை இழுத்துச் சுடும்போதும் முன்கட்டை வளையும். பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் நன்றாகவே வளையும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. லீ-என்ஃபீல்டின் மெல்லிய குழலுக்கு முன்கட்டையின் நுனி கீழிருந்து சில பவுண்டு அழுத்தம் கொடுக்கும்படியே வடிவமைத்தார்கள். ரெமிங்டன் 700-இன் பல வேட்டை மாதிரிகளிலும் கட்டை நுனியில் குழலைத் தாங்கும் ஒரு மேடு இருக்கும். மெல்லிய குழலின் அதிர்வை அது அடக்கும். தெரியாமல் அதைச் சுரண்டி எறிந்துவிட்டுக் குரூப், அதாவது குண்டுகள் விழும் கும்பல், பெரிதாகிவிட்டதே என்று வருந்துவதைவிட, முதலில் அந்த இடத்தில் கட்டையையும் குழலையும் சற்று விலக்கிவைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சட்டகம் வந்தபின்

மரத்தையும் பிசினையும் சுற்றி வராமல் வேறு பாதையில் போனவர்களும் உண்டு. மால்கம் கூப்பர் என்ற பிரிட்டிஷ் வீரர் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 1988 சியோல் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில் தங்கம் வென்றவர். அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல் நிறுவனம், 1980-களில் பிரிட்டிஷ் ராணுவம் எல்96ஏ1 என்ற பெயரில் ஏற்றுக்கொண்ட ரைபிளைச் செய்தது. அதில் ஆக்‌ஷன் ஓர் அலுமினியச் சட்டகத்தோடு திருகியும் ஒட்டியும் இணைக்கப்பட்டிருந்தது. கைக்குத் தெரிந்த பச்சை நிற பிளாஸ்டிக் கட்டை, அந்தச் சட்டகத்தின் இருபுறமும் மூடி மாதிரி பூட்டியது மட்டுமே. ஈரம், வெயில், பனி எதுவும் ஆக்‌ஷன் அமரும் இடத்தைத் தொடாது. போட்டியில் சுட்டுப் பழகிய ஒருவரின் தேவை அந்த வடிவத்தில் அப்படியே தெரிகிறது.

இன்று கடைகளில் கிடைக்கும் அலுமினியச் சட்டகங்களிலும், உள்ளே அலுமினியப் பாளம் வார்த்த கட்டைகளிலும் ஆக்‌ஷன் ஒரு வெட்டுப்பள்ளத்தில் அமர்கிறது. உருளை ஆக்‌ஷனுக்கு அந்தப் பள்ளம் ஆங்கில வி எழுத்தின் வடிவில் இருக்கும். இரண்டு கோடுகளில் தொட்டு, உருளாமல், தானாக நடுவில் வந்து நிற்கும். இவற்றுக்குப் பெட்டிங் தேவையில்லை என்று விளம்பரம் சொல்லும். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சட்டகமும் ஆக்‌ஷனும் வெவ்வேறு தொழிற்சாலையில் கடைந்தவை. சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் அதன்மேல் ஒரு மெல்லிய எபாக்ஸிப் படலம் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இதன் மறுகோடியில் அமெரிக்க ராணுவ ரைபிளான எம்14 இருக்கிறது. அதன் போட்டி வடிவத்தையும் அமெரிக்கர்கள் எபாக்ஸியில் பெட்டிங் செய்து வைத்தார்கள். சுத்தம் செய்யும்போதுகூடத் தேவையில்லாமல் கட்டையிலிருந்து கழற்றாதே என்பது அதற்கான பாடம். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் அந்தப் படுகை கொஞ்சம் தேயும்.

சோதித்துப் பார்ப்பது

பெட்டிங் சரியில்லையா என்று அறிய எதையும் குடைய வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். முன்கட்டையின் நுனியில், கட்டையும் குழலும் சந்திக்கும் கோட்டின்மேல் இரண்டையும் தொடுமாறு விரலை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி மறுபடி முடுக்க வேண்டும். அடுத்து மற்றதை. பெட்டிங் சரியில்லையென்றால், ஒன்றை இறுக்கமாக வைத்து இன்னொன்றைத் தளர்த்தும்போது குழல் கட்டையை விட்டு விலகுவது விரலுக்கே தெரியும். மனித விரல் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க கருவி. துல்லியமாக வேண்டுமென்றால் டயல் மானி வைத்து அளக்கலாம். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் முள் நகர்ந்தால் ஆக்‌ஷன் வளைந்துதான் உட்கார்ந்திருக்கிறது. நல்ல பெட்டிங்கில் முள் அசைவதே அரிது.

இதைச் செய்யும்போதே தோட்டாக்கள் அடுக்கும் மேகசின் பெட்டியையும் கவனிக்க வேண்டும். எல்லாம் பூட்டியபின் அது மேலும் கீழும் கொஞ்சமாவது ஆட வேண்டும். பெட்டி உயரமாக இருந்து ஆக்‌ஷனுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால், ஆக்‌ஷனைத் தாங்குவது படுகையாக இருக்காது, அந்தத் தகரப் பெட்டியாகத்தான் இருக்கும். பெட்டிங் கெட்டுவிட்டது என்று வரும் துப்பாக்கிகளில் இந்த ஒன்றைச் சரிசெய்தாலே போதுமானவை இருக்கும்.

ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்குவது என்பதற்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ரெமிங்டன் 700 போன்றவற்றுக்கு, தூணோ அலுமினியப் பாளமோ இருந்தால் 65 அங்குல-பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் வழக்கம். தூண் இல்லாத வெறும் மரத்துக்கு 40 அங்குல-பவுண்டு அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். தயாரித்தவர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மூன்று ஸ்க்ரூ உள்ள மாடல் 70-இல் நடு ஸ்க்ரூவை லேசாகப் பிடிக்கவிட்டால் போதும். அங்கே அடியில் ஆதரவு குறைவு, முடுக்கினால் ஆக்‌ஷன் நடுவில் தொய்யும். முடுக்கும் அளவைக் கொஞ்சம் மாற்றினாலே குரூப் பெரிதாக மாறுகிறது என்றால் அதுவே ஒரு நோய்க்குறி. நல்ல படுகையில் உட்கார்ந்த ஆக்‌ஷன் அவ்வளவு சுலபத்தில் மனம் மாறாது.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் தேவை. உங்கள் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கியாக இருந்தாலும், குடைவதும் பிசின் வைப்பதும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போகட்டும். விரல் சோதனையும் நோட்டுச் சோதனையும் செய்து, எங்கே தொடுகிறது, எந்த ஸ்க்ரூவில் அசைகிறது என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். வேலை முடிந்து வந்ததும் அவர் முன்னாலேயே அதே விரல் சோதனையை மறுபடி செய்து பார்த்து, முடுக்கிய அளவைக் கேட்டுக் கட்டையின் உள்பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.